காட்டு வாழை தந்த காப்பு

செந்தூல் சந்தையில் இரஸ்தாளிச் சீப்பு ஒன்றை வாங்கும் நாம், கடிக்கும்போது கொட்டை பல்லில் படுமே என்று அஞ்சுவதில்லை. ஆனால் ஆதியில் வாழைப்பழம் முழுவதும் கொட்டைதான். நம் மலாயாத் தீபகற்பத்துக் காடுகளில் இன்றும் வளரும் காட்டு வாழைப் பழத்தைப் பிளந்து பார்த்தால், மிளகு போன்ற கறுத்த விதைகள் நிறைந்திருக்கும். சதை மிகச் சொற்பம். தாவர நூலார் அவ்வினத்துக்கு ‘மலாக்கென்சிஸ்’ என்று பெயரிட்டார்கள். மலாக்காவின் பெயர் அதில் ஒட்டியிருப்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள்.

பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இவ்வட்டாரத்து மக்கள் கொட்டையற்ற பழம் தரும் மரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். விதை இல்லாததால் பக்கக் கன்றைப் பெயர்த்து நட்டார்கள். தாய் மரத்தின் குணமே கன்றுக்கும் வந்தது. ‘வாழையடி வாழையாக வாழ்க’ என்று மணமக்களை நாம் வாழ்த்துவது இதனால்தான். ஆயினும் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. ஒரே குணமுடைய ஆயிரம் மரங்களில் ஒன்றைக் கொல்லும் நோய் ஆயிரத்தையும் கொல்லும்.

அப்படியே நடந்தது. நாம் பீசாங் எம்புன் என்று அழைக்கும் இரகத்தை மேல்நாட்டார் ‘குரோ மிஷேல்’ என்பர். மத்திய அமெரிக்காவில் அதைப் பெருந்தோட்டங்களாகப் பயிரிட்டார்கள். பனாமா வாடல் நோய் என்னும் பூசண நோய் அத்தோட்டங்களைத் தின்றுவிட, 1950, 1960-ஆம் ஆண்டுகளில் முதலாளிகள் கேவண்டிஷ் இரகத்துக்கு மாறினார்கள். அந்த நோய்க்கு அது அசையவில்லை. பிறகு அதே பூசணத்தின் வேறொரு வகை தோன்றி, கேவண்டிஷையும் விட்டுவைக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் நம் நாட்டுக் கேவண்டிஷ் தோட்டங்களும் அதனால் அழிந்தன. பீசாங் பெராங்கானும் அதற்குத் தப்பவில்லை.

லயத்துக் கொல்லையில் வாழை வைத்திருப்போர் இந்நோயின் அடையாளத்தை அறிந்திருப்பது நல்லது. முதலில் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகும். பிறகு காம்பு ஒடிந்து, பாவாடை போல மரத்தைச் சுற்றித் தொங்கும். தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே செம்பழுப்புக் கறை தெரியும். பூசணம் வேர் வழியே புகுந்து நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். எந்த மருந்தைத் தெளித்தாலும் போகாது.

இதற்கு விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? ஆஸ்திரியாவின் சைபர்ஸ்டார்ப் ஆய்வுக்கூடத்தில் வாழைக் குருத்தின் மீது காமாக் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். அவ்வாறு கிடைத்த மாறுபாடுகளில் ஒன்று, ‘நோவாரியா’ என்ற பெயரில் 1990-களில் மலேசியாவில் வெளியிடப்பட்டது. அது சீக்கிரம் குலை தள்ளும். இம்முறையில் வெளியிலிருந்து எந்த மரபணுவும் சேர்வதில்லை. இருப்பதே கலைகிறது, எது கிடைக்கும் என்பது அதிர்ஷ்டம்.

மரபணுப் பொறியியல் வேறு வழி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டேல் குழுவினர், நாம் முன்னர் சொன்ன மலாக்கென்சிஸ் காட்டு வாழையிலிருந்து ‘ஆர்ஜிஏ2’ என்னும் ஒரு மரபணுவை எடுத்து, மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் துணையால் கேவண்டிஷ் உயிரணுக்களுக்குள் செலுத்தினார்கள். நோயுள்ள மண்ணில் 2012 முதல் 2015 வரை மூன்றாண்டு நட்டுப் பார்த்தார்கள். மரபணு பெறாத மரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் நோயுற்றன அல்லது மடிந்தன. மரபணு ஏற்ற வகைகளுள் ஒன்றை நோய் தொடவே இல்லை. 2024-இல் ஆஸ்திரேலிய அரசு அவ்வகை வாழையைப் பயிரிடவும் உண்ணவும் அனுமதித்தது. எனினும் உடனே சந்தைக்கு அனுப்பும் எண்ணம் இல்லை, ஆபத்துக்கு உதவியாக வைத்திருக்கிறோம் என்றே அப்பல்கலைக்கழகம் அறிவித்தது.

தின்ன உதவாத வாழை என்று நாம் ஒதுக்கிய மரம்தான் இந்தக் காப்பைத் தந்தது. காடழிப்பைப் பற்றிப் பேசும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது நம் கருத்து.

மரபணு மாற்றிய பயிரை நம் நாட்டில் யாரும் விருப்பம்போல் நட்டுவிட முடியாது. உயிரியல் பாதுகாப்புச் சட்டம், 2007, அதற்கு முன் அனுமதி கோருகிறது. மேலும், ஆஸ்திரேலியாவில் அனுமதி பெற்றது கேவண்டிஷ் மட்டுமே. நம் இரஸ்தாளியும் பெராங்கானும் அல்ல. ஆகையால் வாடிய மரத்தடிக் கன்றை உறவினர் வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். வாங்குவதானால் திசு வளர்ப்புக் கன்றாக வாங்குங்கள். அந்த மண்ணில் இறங்கிய மண்வெட்டியையும் காலணியையும் கழுவிய பிறகே அடுத்த பாத்திக்குள் செல்லுங்கள்.