அழிக்க 121 ஆண்டுகள்

நம் நாட்டில் அரசியல் சட்டத்தைத் திருத்தும்போது உங்களையோ என்னையோ யாரும் நேராகக் கேட்பதில்லை. நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளும், சில பிரிவுகளுக்கு மாநிலச் சட்டமன்றங்களில் பாதியும் ஒப்ப வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தனி அரசியல் சட்டம் உண்டு. அதைத் திருத்த, டெலவேர் தவிர எல்லா மாநிலங்களிலும் மக்கள் ஓட்டுப் போட்டாக வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அலபாமாவின் கதையையும் கேளுங்கள்.

அங்கே 1901இல் ஓர் அரசியல் சட்டம் எழுதினார்கள். வெள்ளையர் ஆதிக்கத்தைச் சட்டப்படி நிலைநாட்டுவதே நோக்கம் என்று அதை எழுதிய மாநாட்டின் தலைவர் ஜான் நாக்ஸ் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். ஓட்டுப் போட வரி, எழுத்தறிவுத் தேர்வு, சொத்துத் தகுதி என்று தடைகள் வந்தன. 1900இல் ஓட்டுப் போடும் வயதில் சுமார் 1,80,000 கறுப்பின ஆண்கள் இருந்தார்கள். 1903இல் வாக்காளர் பட்டியலில் மிஞ்சியவர்கள் ஏறத்தாழ 3,000 பேர்.

இந்தச் சட்டத்தையும் மக்கள் ஓட்டுதான் நிறைவேற்றியது! கறுப்பினத்தவர் மிகுந்த மாவட்டங்களில்தான் ஆதரவு ஓட்டுகள் குவிந்ததாகக் கணக்குக் காட்டினார்கள். தங்கள் உரிமையைப் பறிக்கத் தாங்களே ஓட்டுப் போட்டார்களாம். அது மோசடி என்பது வரலாற்றாசிரியர்கள் முடிவு.

கலப்புமணத்துக்கான தடையை உச்ச நீதிமன்றம் 1967லேயே செல்லாததாக்கிவிட்டது. ஆனால் அலபாமா சட்டப் புத்தகத்தில் அந்த வரி அப்படியே கிடந்தது. 2000இல் அதை நீக்கலாமா என்று மக்களைக் கேட்டார்கள். நூற்றுக்கு 60 பேர் நீக்கலாம் என்றார்கள். மீதி 40 பேர், அதாவது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர், கூடாது என்றார்கள்.

அடுத்தது, வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பள்ளிகள் என்ற பிரிவு. 1954இல் உச்ச நீதிமன்றம் அந்த முறையை ஒழித்ததும், 1956இல் அலபாமா இன்னொரு வரியைச் சேர்த்தது: அரசு செலவில் கல்வி பெறுவது உரிமை ஆகாது என்று. 2004இல் இரண்டையும் சேர்த்து நீக்க முயன்றார்கள். கல்வி உரிமையானால் நீதிமன்றம் வரியை ஏற்றிவிடும் என்று சிலர் கிளப்பிவிட்டார்கள். 13 லட்சத்துக்கு மேல் விழுந்த ஓட்டில், இரண்டாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தீர்மானம் தோற்றது.

2012இல் மறுபடி முயன்றார்கள். இம்முறை இனவெறிச் சொற்களை மட்டும் நீக்கி, 1956ஆம் ஆண்டு வரியை விட்டுவைத்தார்கள். கறுப்பினத் தலைவர்களே எதிர்த்தார்கள். சொல்லை அழித்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்பைக் கைவிடுவதா என்பது அவர்கள் கேள்வி. அதுவும் தோற்றது.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இரண்டு தோல்வியும் ஒன்றுபோலவே தெரிந்தன. வரிக்கு அஞ்சியவரும் 'வேண்டாம்' என்றார், கல்விக்காக நின்றவரும் 'வேண்டாம்' என்றார். ஏன் என்று எழுத வாக்குச்சீட்டில் இடம் ஏது?

கடைசியில் 2020இல், இனவெறிச் சொற்களை நீக்கிச் சட்டத்தைத் தொகுத்து எழுத மூன்றில் இரண்டு பங்கு மக்கள் அனுமதி தந்தார்கள். அப்படித் தொகுத்ததை 2022 நவம்பரில் நான்கில் மூன்று பங்கினர் ஏற்றார்கள்.

எழுத ஒரு கோடைகாலம் போதுமாக இருந்தது. அழிக்க 121 ஆண்டுகள் பிடித்தன.