விடைகொடுக்கும் சம்பிரதாயம்

ஆரணி என்றதும் பட்டுக்குப் பேர்போன திருவண்ணாமலை மாவட்டத்து ஊரே பலருக்கும் நினைவுக்கு வரும். நான் இங்கே சொல்லப் புகுந்தது, பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தைத் தாண்டி, சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு வந்து, பொன்னேரியைக் கடந்து பழவேற்காட்டு ஏரியை அடையும் ஆரணியாற்றின் கரையில், திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில் அமைந்திருக்கும் ஆரணியை. ஐப்பசி கார்த்திகையில் கரைபுரண்டு பாதைகளைத் துண்டித்துவிடும் அந்த ஆறு, பங்குனி பிறப்பதற்குள் மணற்பரப்பாகிவிடுகிறது. அந்த மணலிலும் அறுப்பு முடிந்த வயல்களிலும் பிள்ளைகள் மூன்று குச்சிகளை நட்டுக் கிரிக்கெட் ஆடத் தொடங்குகிறார்கள். அதே பங்குனியில்தான், சில வருஷங்களாக, இந்தப் பிரதேசத்து ஜனங்களை, வயல் வேலை செய்வோர் முதல் கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் இரவும் பகலும் ஷிப்டு முறையில் உழைப்போர் வரையில், ஒரு கவலை வந்து பற்றிக்கொள்கிறது. “தலயோட கடைசி சீசன் இதுதானா?” என்பதே அக்கவலை.

‘தல’ என்று இவர்கள் அபிமானத்தோடு அழைக்கும் மகேந்திர சிங் தோனி 1981ஆம் வருஷம் ஜூலை 7ஆம் தேதி பிறந்தவர். நாற்பத்துநான்கு பிராயத்தை எட்டிவிட்டவர். சரீரப் பிரயாசையையே மூலதனமாகக் கொண்ட ஒரு தொழிலில் இந்தப் பிராயம் மிக அதிகம் என்பதை அறியாதவர் எவருமில்லை. சொந்தக் குடும்பத்தில் எத்தனையோ பொறுப்புகள் காத்திருக்க, எவரோ ஒருவர் மட்டையைக் கீழே வைப்பதைக் குறித்து இவ்வளவு விசாரம் எதற்கு என்று பெரியவர்கள் சிலர் சலித்துக்கொள்வதும் உண்டு. ஆனால் இக்கவலைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அச்சரித்திரத்தை அறிந்தவர்கள் இதனை அற்பமென்று தள்ளமாட்டார்கள் என்பது என் துணிபு.

சென்னை ராஜதானியில் கிரிக்கெட் வேரூன்றிய காலத்தில், ஆட்டக்காரர் ஒருவருடைய முடிவைக் குறித்துக் கவலைப்படும் பழக்கமே இல்லை. சேப்பாக்கம் மைதானம் வெள்ளையர்களின் ஆதிக்கத்தில் இருந்தபோது, அவர்களோடு சமமாக உட்காரும் உரிமை மறுக்கப்பட்டமையால் மனம் புழுங்கிய புச்சிபாபு நாயுடு, இந்தியர்களுக்கென்று மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார்; ஐரோப்பியரும் இந்தியரும் எதிரெதிரே நின்று ஆடும் பந்தயம் ஒன்றுக்கு 1908ஆம் வருஷக் கடைசியில் ஏற்பாடும் செய்தார்; அதைக் கண்ணால் காணுமுன்பே, அந்த டிசம்பரில் காலமாகிவிட்டார். பின்னர் 1915 முதல் பொங்கலையொட்டி வருஷந்தோறும் நடைபெற்ற பிரசிடென்சி மாட்சைக் காண வந்த கூட்டம், நம்மவர்கள் துரைமார்களை வெல்வார்களா என்ற ஒன்றை மட்டுமே எண்ணி வந்த கூட்டம். வீரர்கள் வருவார்கள், போவார்கள். பொங்கல் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கும்.

அக்காலத்து வீரர்களும் பிராயத்துக்கு அடங்கியவர்களாக இல்லை. 1934ஆம் வருஷம் பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்ட் பந்தயத்தில், ஜார்டினின் இங்கிலாந்து அணிக்கு எதிராக இந்தியாவுக்குத் தலைமை தாங்கிய சி. கே. நாயுடுவுக்கு அப்போதே முப்பத்தெட்டு வயது. ‘இவர் இன்னும் எத்தனை நாள் ஆடுவார்?’ என்று அன்று யாராவது கேட்டிருந்தால் அக்கேள்விக்கு விடை காண முப்பது வருஷங்கள் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். ஏனென்றால், டெஸ்ட் ஆட்டங்களிலிருந்து 1936இல் நீங்கிய பின்னும் அவர் முதல்தர ஆட்டங்களை விடாமல் ஆடி, அறுபத்தெட்டாம் பிராயத்தில்தான் கடைசியாக மைதானத்தில் இறங்கினார். வினு மங்கட் 1952இல் இதே சேப்பாக்கத்தில் பன்னிரண்டு விக்கெட்டுகளைச் சாய்த்து இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றிக்குக் காரணமானார். நான்கு வருஷங்களுக்குப் பின், முப்பத்தெட்டு வயதில், சென்னைக் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நியூசிலாந்துக்கு எதிராக 231 ஓட்டங்கள் குவித்து, பங்கஜ் ராயுடன் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் என்ற, அரை நூற்றாண்டு நிலைத்த சாதனையை நிகழ்த்தினார். அவருடைய டெஸ்ட் வாழ்க்கை 1959இல் டில்லியில் முடிந்தது. சென்னையில் அவரைக் கொண்டாடியவர்களுக்கு விடை சொல்லவும் வழியில்லை, விடை கொடுக்கவும் வழியில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நேர்ந்ததோ இதனினும் வருத்தத்துக்குரியது. பத்தொன்பது வயதில், 1965இல், சென்னையிலேயே டெஸ்ட் வாழ்க்கையைத் தொடங்கிய வெங்கட்ராகவன், 1979இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தை முடித்துத் திரும்பும்போது, தலைமைப் பதவி தம்மிடமிருந்து கவாஸ்கருக்கு மாற்றப்பட்டுவிட்ட செய்தியை ஆகாய விமானத்தில் விமானி அறிவிக்கக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவருடைய கடைசி டெஸ்ட் 1983இல் ஜலந்தரில் நடந்தது. சேப்பாக்கத்தின் செல்லப்பிள்ளையாகிய ஸ்ரீகாந்தின் ஆட்டம் 1992இல் ஆஸ்திரேலிய மண்ணில் நின்றுபோயிற்று. முடிவைத் தீர்மானித்தவர்கள் தேர்வுக் குழுவினர். அதை ரசிகனுக்குத் தெரிவித்தது மறுநாள் காலைப் பத்திரிகை. ஆரணி போன்ற ஊர்களில் அந்நாளில் ஆட்டம் என்பது வானொலிப் பெட்டியிலிருந்து வந்த அப்துல் ஜப்பார் முதலியோருடைய தமிழ் வருணனைதான். குரலாகவே அறிமுகமான வீரன் ஒரு நாள் அக்குரலில் பேர் வராமல் மறைந்துவிடுவான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சில ஆட்டங்கள் கழிந்த பின்னரே அதை உணர்வார்கள்.

மேல்நாடுகளில் இவ்விஷயம் வேறுவிதமாக வளர்ந்தது. 1948இல் இங்கிலாந்து சென்ற பிராட்மன் அதுவே தம் கடைசிப் பயணம் என்று முன்பே தெரிவித்திருந்தார். ஆகவே ஆகஸ்டு 14ஆம் தேதி ஓவல் மைதானத்தில் அவர் நடந்து வந்தபோது, கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்தது, எதிரணியினர் சூழ்ந்து நின்று மூன்று முறை ஜயகோஷம் செய்தனர். இரண்டாவது பந்திலேயே ஓட்டமின்றி அவர் ஆட்டமிழந்தது அந்த மரியாதையை ஓர் அணுவளவும் குறைக்கவில்லை. அமெரிக்கர்கள் தங்கள் பேஸ்பாலில் இதனை ஒரு முழு வருஷத்துச் சடங்காகவே ஆக்கிவிட்டனர். நியூயார்க் யாங்கீஸ் அணியின் பந்து வீச்சாளர் மரியானோ ரிவேரா, 2013ஆம் வருஷத்து ஆட்டங்களோடு விலகுவதாக முன்கூட்டியே அறிவித்தபின், அவர் சென்ற ஊர்தோறும் எதிரணியினரே உபசாரம் செய்து அனுப்பினார்கள். மினசோட்டா அணியார், அவருடைய பந்துகளால் பல வருஷங்களாக முறிந்த மட்டைகளை நினைவூட்டும் வகையில், உடைந்த மட்டைகளைக் கொண்டே ஓர் ஆடும் நாற்காலி செய்து கொடுத்தார்கள். மறுவருஷம் டெரெக் ஜீட்டரும் அவ்வாறே சொல்லிவிட்டுச் சென்றார். நம் தேசத்தில் இந்த முறைக்குச் சிறந்த திருஷ்டாந்தம் டெண்டுல்கர். 2013 அக்டோபர் 10ஆம் தேதி அறிவித்தார். நவம்பர் மாத நடுவில் சொந்த ஊராகிய பம்பாயில் தம் இருநூறாவது டெஸ்டை ஆடினார். அதுவரை அவர் ஆட்டத்தை மைதானத்தில் நேரில் கண்டிராத தாயார் அன்று வந்து பார்த்தார். ஒரு மாத அவகாசம் கிடைத்தமையால் அந்த வைபவம் சாத்தியமாயிற்று.

தோனியின் சரித்திரம் இதற்கு நேர்மாறானது. ஆரணிக்காரர்களின் கவலைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நான்கு டெஸ்டுகள் கொண்ட தொடரில் இன்னும் ஒன்று பாக்கியிருக்கையில், 2014 டிசம்பர் 30ஆம் தேதி, மெல்போர்னில் மூன்றாவது டெஸ்டு முடிந்ததும் அவர் டெஸ்ட் ஆட்டத்தைத் துறந்தார். அன்று மைதானத்தில் இருந்த ஒருவருக்கும் அது தெரியாது. பின்னர் 2019 ஜூலை 10ஆம் தேதி மான்செஸ்டரில், உலகக் கோப்பை அரையிறுதியில், ஐம்பது ஓட்டங்கள் எடுத்து, சில அங்குல இடைவெளியில் ரன் அவுட் ஆகித் திரும்பினார்; அதுவே இந்தியாவுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் என்பது, ஒரு வருஷத்துக்குப் பின், பெருந்தொற்றால் ஊரெல்லாம் அடைந்து கிடந்த 2020 ஆகஸ்டு 15ஆம் தேதி மாலையில், இன்ஸ்டாகிராமில் அவர் இட்ட ஒரு சிறு குறிப்பால்தான் தெரிந்தது. இரண்டு முறை சொல்லாமல் போனவர் மூன்றாவது முறையும் அப்படியே போய்விடுவாரோ என்ற அச்சம் ரசிகர்கள் கற்பித்துக்கொண்டதன்று.

சேப்பாக்கத்துக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம் 2005 டிசம்பரில் அவர் தம் முதல் டெஸ்டை அங்கே ஆடியபோது ஏற்பட்டது. 2008 ஐ.பி.எல். ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அவரை எடுத்தது. 2011இல் அதே மைதானத்தில் இறுதியாட்டம் வென்றது. அணிமீது விதிக்கப்பட்ட இரண்டு வருஷத் தடைக்குப் பின் 2018இல் திரும்பியது. காவேரிப் போராட்டத்தின் காரணமாக அவ்வருஷத்து ஆட்டங்கள் புனாவுக்கு மாற்றப்பட்டபோது, தனி ரயில் ஒன்றில் சுமார் ஆயிரம் பேர் மஞ்சள் சட்டை அணிந்து இங்கிருந்து புறப்பட்டுச் சென்றனர். தங்கள் வீட்டுக்கு அவர் வர முடியாதபோது, அவர் இருக்குமிடத்துக்கு இவர்கள் போனார்கள். 2019க்குப் பிறகு தொற்றின் காரணமாக நான்கு வருஷங்கள் சென்னை ரசிகர்கள் தங்கள் அணியைத் தங்கள் மைதானத்தில் காணவில்லை. அந்த இடைக்காலத்திலே, 2020 நவம்பரில் அபுதாபியில், மஞ்சள் சட்டையில் இது கடைசி ஆட்டமா என்று கேட்கப்பட்டபோது ‘டெஃபினிட்லி நாட்’ என்று இரண்டே சொற்களில் மறுத்தார். மறுவருஷம் நவம்பரில் சென்னைக் கலைவாணர் அரங்கத்தில் நடந்த பாராட்டு விழாவில், தம் கடைசி இருபது ஓவர் ஆட்டம் சென்னையிலேயே நடக்கும், அது அடுத்த வருஷமோ ஐந்து வருஷம் கழித்தோ தமக்குத் தெரியாது என்று வாக்களித்தார். அந்த வாக்கை இப்பகுதி ஜனங்கள் நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2023ஆம் வருஷம் மே 14ஆம் தேதி, சேப்பாக்கத்தில் அவ்வருஷத்தின் கடைசி லீக் ஆட்டம் முடிந்ததும், வலித்த முழங்காலில் கட்டுடன் மைதானத்தை வலம் வந்து ரசிகர்களுக்கு அவர் நன்றி செலுத்தினார். அப்போது எழுபத்துமூன்று வயதான கவாஸ்கர் ஓடி வந்து தம் சட்டையிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டார். 1983இல் இதே மைதானத்தில் 236 ஓட்டங்கள் எடுத்து, முப்பதாவது சதத்தால் பிராட்மனின் சாதனையைக் கடந்த அந்த மகாவீரர், ஒரு சிறுவனைப் போல் அங்கே நின்றது, முதிர்ந்த வீரன் ஒருவனைக் கௌரவிக்கும் முறையை எல்லோருக்கும் கற்பித்த காட்சி என்றே நான் கருதுகிறேன். பதினைந்து நாட்களுக்குப் பின் ஐந்தாவது கோப்பையை வென்ற இரவில், விலகுவதற்கு உகந்த தருணம் இதுவே என்றாலும், ஜனங்கள் காட்டிய அன்புக்குக் கைம்மாறாக இன்னொரு வருஷம் ஆட முயல்வேன் என்றார். சில தினங்களில் முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது.

கும்மிடிப்பூண்டி ஆலைகளில் இந்த அன்பு எடுத்திருக்கும் உருவம் எங்கும் காணக்கூடியதன்று. அங்கே இரும்பு உருக்கும் உலைகளுக்கு முன் நம்மவர்களோடு சேர்ந்து உழைப்பவர்களில் பலர் ஜார்க்கண்டு, பீகார், ஒடிசா ராஜ்யங்களிலிருந்து வந்தவர்கள். ராஞ்சியில் பிறந்து, கரக்பூரில் ரயில்வே டிக்கெட் பரிசோதகர் உத்தியோகம் பார்த்து, பிறகு உலகப் பிரசித்தி அடைந்த ஒருவரை அவர்கள் ‘மாஹி’ என்கிறார்கள். நம்மவர்கள் ‘தல’ என்கிறார்கள். பாஷை புரியாத இரு சாராரும் ஒரே கைப்பேசித் திரையின் முன் குனிந்து, அவர் இறங்குவாரா, எத்தனையாவதாக இறங்குவார், நடை தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கும்போது மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவைப்படுவதில்லை.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். தோனி சீக்கிரம் களமிறங்க வேண்டுமென்பதற்காக, அதே அணியில் அந்நாளில் ஆடிய ஜடேஜா ஆட்டமிழக்கும்போது கைதட்டும் வழக்கம் சேப்பாக்கத்தில் தோன்றியது. ஜடேஜாவே 2023இல் சிரித்த முகத்தோடு அதைக் குறிப்பிட்டார். 1999இல் வெற்றி பெற்ற பாகிஸ்தான் அணிக்கும் எழுந்து நின்று மரியாதை செய்த மைதானத்துக்கு இது தகாது. ஒருவரிடம் வைத்த அபிமானம் மற்றவருக்கு அவமானமாகக் கூடாது.

2025இல் நிலைமை மேலும் கவலைக்கிடமாயிற்று. மார்ச் 28ஆம் தேதி, பெங்களூர் அணியிடம் 2008க்குப் பின் முதல் முறையாகச் சேப்பாக்கத்தில் தோற்ற ஆட்டத்தில், அவர் ஒன்பதாவதாக இறங்கினார். முழங்கால்கள் முன்போல் இல்லை, பத்து ஓவர் முழுவேகத்தில் ஆட அவரால் இயலாது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங் வெளிப்படையாகக் கூறினார். ஏப்ரல் 5ஆம் தேதி அவருடைய பெற்றோர் மைதானத்துக்கு வந்ததும், இன்றே விடைபெறப் போகிறார் என்ற வதந்தி ஆரணிக் கடைத்தெரு வரையில் பரவிற்று. அணி முதல் முறையாகப் பத்தாவது இடத்தில், கடைசியாக நின்றது. மே 25ஆம் தேதி ஆமதாபாதில், முடிவு செய்ய நான்கைந்து மாதங்கள் இருக்கின்றன, அவசரமில்லை என்று சொல்லிப் போய்விட்டார்.

அவருக்கு அவசரமில்லாமல் இருக்கலாம். இங்கே இருப்பவர்களின் நிலை வேறு. கவரைப்பேட்டையிலோ பொன்னேரியிலோ மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, வாலாஜா சாலைக்குப் போய், இரவு பதினொரு மணிக்கு மேல் முடியும் ஆட்டத்தைக் கண்டு, கடைசி வண்டியைப் பிடித்துத் திரும்பி, மறுநாள் காலை ஷிப்டுக்குப் போவதற்கு ஒரு தொழிலாளி முன்கூட்டியே லீவு சொல்ல வேண்டும், பணம் சேர்க்க வேண்டும், இணையத்தில் சில நிமிஷங்களில் தீர்ந்துபோகும் டிக்கெட்டுக்கு வழி தேட வேண்டும். எந்த ஆட்டம் கடைசி என்று தெரியாததால், வசதியுள்ளவர்கள் எல்லா ஆட்டங்களுக்கும் போகிறார்கள். வசதியில்லாதவர்கள் எதற்கும் போக முடிவதில்லை.

ஆகவே, தோனி அவர்களே, நீங்கள் இன்னும் எத்தனை வருஷம் ஆடுவது என்பது உங்கள் விருப்பம். அதில் தலையிட எங்களுக்கு உரிமையில்லை. சென்னையில் முடிப்பதாகச் சொன்ன வாக்கோடு, அந்த நாளை ஒரு மாதத்துக்கு முன் அறிவிப்பதாகவும் ஒரு வாக்கைச் சேர்த்துக் கொடுங்கள். அணியை நடத்துவோர் அன்றைக்கு ஒரு பகுதி டிக்கெட்டுகளைச் சாதாரண விலையில், மைதானத்துக் கவுண்டரில், வரிசையில் நிற்பவர்களுக்கு விற்கட்டும். ஆரணியிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் முதல் வண்டியிலேயே வந்து அந்த வரிசையில் நிற்க ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.