சேவை யாருடைய வேலை?
தென்காசி வட்டாரத்திலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை



கல்லூரிகளுக்குப் பேசப் போகும்போதெல்லாம் கூட்டம் முடிந்த பிறகு இரண்டு மூன்று மாணவர்கள் தனியாக வந்து ஒரு கேள்வி கேட்பார்கள். "தொண்டு நிறுவனத்தில் வேலைக்குப் போகலாமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் சமூகப்பணியோ சமூகவியலோ படித்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள். வீட்டில் அவர்களிடம் "இது நிரந்தர வேலையா?" என்கிறார்கள். இயக்கத்தில் "விலைபோய்விட்டாயா?" என்கிறார்கள். இரண்டு கேள்விகளுமே அந்த மாணவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றன. சேவை எப்படிச் சம்பள வேலையானது, அந்த வேலையில் நாம் எந்த இடத்தில் வைக்கப்பட்டோம் என்ற வரலாற்றை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. இன்று அதைத்தான் பேச வந்திருக்கிறேன். அதற்கான சான்றுகள் தென்காசியைச் சுற்றியே நிறையக் கிடக்கின்றன.

மிஷன் காலம்

பழைய திருநெல்வேலிச் சீமையில் சேவை மாதச் சம்பளமுள்ள வேலையாக வந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் காலத்தில் உபதேசியார், பள்ளி ஆசிரியர் என்ற வேலைகள் கிராமங்கள்வரை பரவின. 1830இல் அவர் தர்ம சங்கத்தை நிறுவினார். மதம் மாறியதற்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு நிலமும் மனையும் வாங்கிக் கொடுப்பது அதன் வேலை. இதை நாம் கவனிக்க வேண்டும். அடுத்தவன் மனையில் குடியிருப்பவனால் அவனை எதிர்த்துப் பேச முடியாது. இன்றைய பல விழிப்புணர்வு முகாம்களைவிட இந்தத் திட்டம் நோயின் வேருக்கு நெருக்கமாகப் போயிருக்கிறது.

ஆனால் 1835இல், பதினைந்து ஆண்டுகள் களத்தில் நின்ற அதே ரேனியஸை சர்ச் மிஷனரி சங்கம் பணியிலிருந்து நீக்கியது. ஆங்கிலத் திருச்சபையின் முறைமைகளை அவர் விமர்சித்தது அதற்குக் காரணம். வேலை நடப்பது பாளையங்கோட்டையில். முடிவு எடுப்பது லண்டனில். தொண்டு நிறுவனங்களில் இன்றும் நாம் காணும் இந்த இடைவெளி அன்றே தொடங்கிவிட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மிஷனில் பெருந்திரளாகச் சேர்ந்தவர்கள் நாடார்கள். பள்ளர், பறையர் எண்ணிக்கையில் குறைவாகவே இருந்தோம். கல்வியும் வேலையும் முதலில் சென்று சேர்ந்த இடத்தில் அடுத்த தலைமுறைத் தலைமையும் உருவானது. 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் உள்ளூர் மக்களின் காணிக்கையை நம்பித் தொடங்கப்பட்டது. வெளிநாட்டுப் பணம் இல்லாமல் அமைப்பு நடத்த முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உள்ள சான்று அது.

அருவியும் குளமும்

1934 ஜனவரியில், தீண்டாமைக்கு எதிரான தன் நாடு தழுவிய பயணத்தின்போது காந்தி குற்றாலத்துக்கு வந்தார். நாம் அருவியில் குளிக்க அனுமதி இல்லை என்று தெரிந்ததும், தானும் குளிக்காமல் திரும்பினார். இன்றும் நம் பகுதியில் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அதில் நேர்மை உண்டு, மறுக்கவில்லை.

இதோடு இன்னொரு தண்ணீரை வைத்துப் பாருங்கள். 1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். குற்றாலத்தில் ஒரு பெரிய மனிதர் தன் குளியலைத் துறந்தார். மகாடில் உரிமை மறுக்கப்பட்ட மக்களே குளத்தில் இறங்கினார்கள். முதலாவது செயலில் மையமாக இருப்பது தொண்டு செய்பவரின் மனசாட்சி. இரண்டாவதில் மையமாக இருப்பது மக்களின் உரிமை. ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேரும்போது அது இவற்றில் எந்த வழியில் நிற்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆண்டறிக்கையைப் புரட்டினால் போதும். யாருடைய புகைப்படம் அதிகமாக இருக்கிறதோ அதிலேயே பாதி விடை தெரிந்துவிடும்.

கப்பலில் எழுதிய கடிதம்

பூனா ஒப்பந்தத்தைத் தொடர்ந்து 1932 செப்டம்பர் 30 அன்று பம்பாயில் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் ஹரிஜன சேவக சங்கம் ஆனது. தலைவர் ஜி.டி.பிர்லா, செயலாளர் ஏ.வி.தக்கர். அதன் மத்தியக் குழுவில் அம்பேத்கரும் இருந்தார். மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, நவம்பர் 14 அன்று, அவர் தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சமூகப்பணி படிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் முதல் வகுப்பில் கொடுக்க வேண்டிய கடிதம் அது. அதன் சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

வறுமைக்கும் இழிவுக்கும் தனிமனிதரின் குணக்கேடே காரணம் என்று நம்புகிறவர்கள் ஒரு வகை. அவர்கள் மதுவிலக்கு, உடற்பயிற்சி, நூலகம் என்று தனிமனிதரைத் திருத்தும் வேலையைச் செய்வார்கள். மனிதரைச் சூழ்ந்துள்ள சமூக ஏற்பாடே காரணம் என்று நம்புகிறவர்கள் இன்னொரு வகை. அம்பேத்கர் இரண்டாவதன் பக்கம் நின்றார். அதனால் அவர் கேட்ட முதல் வேலை, கிணறு, பள்ளி, பொதுவழி ஆகிய குடிமை உரிமைகளை நிலைநாட்டும் போராட்டம். அதில் மோதல் வரும் என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். மோதலைத் தாங்க கிராமங்களில் பணியாளர் படையே வேண்டும் என்றார். அந்தப் பணியாளர்கள் யார்? பணத்துக்காக எந்த வேலையையும் எடுத்துச் செய்பவர் ஒருவர். அந்த மக்கள்மீது கொண்ட அன்பினால் செய்பவர் இன்னொருவர். அன்பு உள்ளவரே சேவை செய்ய முடியும் என்பதால், தீண்டப்படாத சமூகத்திலிருந்தே பணியாளர்களை எடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். நம்மிலும் அயோக்கியர் உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அம்பேத்கர் சம்பளத்தை எதிர்க்கவில்லை. சம்பளம் யாருக்குப் போகிறது, எந்த வேலைக்காகப் போகிறது என்பதே அவர் கேள்வி. அவருடைய திட்டம் ஏற்கப்படவில்லை, அவர் விலகினார். நிர்வாகத்தில் நமக்கு இடம் கேட்டபோது, சாதி இந்துக்கள் தங்கள் பாவத்துக்குப் பரிகாரம் செய்யும் அமைப்பு இது, கடன் பட்டவர்களே நடத்த வேண்டும் என்று பதில் வந்தது. கடன் கொடுத்தவனுக்குக் கணக்கைப் பார்க்கும் உரிமைகூட இல்லையா என்று நாம் கேட்கலாம்.

1981: ஒரே ஆண்டு, இரண்டு நிகழ்வுகள்

1981 பிப்ரவரி 19 அன்று தென்காசிக்கு அருகே, மலையடிவாரத்து மீனாட்சிபுரத்தில் பள்ளர் சமூகத்தைச் சேர்ந்த ஏறக்குறைய 180 குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. ஊருக்கு ரஹ்மத் நகர் என்று பெயர் வைத்தார்கள். தீண்டாமை, ஆதிக்க சாதியினரின் வன்மம், காவல்துறைத் தொல்லை ஆகியவற்றையே காரணங்களாக மக்கள் சொன்னார்கள். மாறியவர்களில் படித்தவர்களும் அரசு வேலையில் இருந்தவர்களும் உண்டு.

அடுத்த சில மாதங்களில் அந்தச் சிற்றூருக்கு வராதவர்கள் இல்லை. மத்திய அமைச்சர் வந்தார், வாஜ்பாய் வந்தார், ஆரிய சமாஜம் வந்தது. விசுவ இந்து பரிஷத் நாடெங்கும் நிதி திரட்டியது. அதுவரை அந்தத் தெருவுக்கு வராத சேவை திடீரென்று பல திசைகளிலிருந்து வந்தது. வந்தவர்களில் பலர் கேட்டது "எவ்வளவு பணம் வாங்கினீர்கள்?" என்றுதான். வளைகுடாப் பணம் என்று பத்திரிகைகள் எழுதின. நாம் சுயமாக ஒரு முடிவு எடுத்தால், அதற்குப் பின்னால் யாரோ பணம் கொடுத்திருக்க வேண்டும் என்று இந்தச் சமூகம் நம்புகிறது. தலித் களப்பணியாளர் வன்கொடுமை வழக்குக்காகக் காவல் நிலையம் போனால் இன்றும் அதே கேள்வி வரும். கூடங்குளம் போராட்டக் காலத்திலும், 2012இல், பிரதமரே தொண்டு நிறுவனங்களைச் சுட்டிக்காட்டினார்; தென் மாவட்ட நிறுவனங்கள் சிலவற்றின் மீது நடவடிக்கை பாய்ந்தது.

அதே 1981இல், தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் தொடங்கியது. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறு பள்ளியாக அதை ஆரம்பித்தார். தசைச்சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர் எஸ்.சங்கரராமன் பின்னர் அவரோடு இணைந்தார். இன்று அது மறுவாழ்வுப் பணியில் நாடறிந்த நிறுவனம். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

சாதி ஒடுக்குமுறையும் உடல் இயலாமையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆய்க்குடியைச் சொல்வதற்குக் காரணம் வேறு. துன்பத்தை நேரில் அறிந்தவர்கள் தலைமையில் இருந்து, கணக்கையும் கையில் வைத்திருந்தால் ஒரு நிறுவனம் எப்படி வளர முடியும் என்பதற்கு அது நம் கண்முன் உள்ள சான்று. 1932இல் அம்பேத்கர் கேட்டதும் அதுதானே? மாற்றுத்திறனாளி தலைமை ஏற்றால் நாடு பாராட்டுகிறது. தலித் தலைமை ஏற்றால் பணம் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கிறது.

திட்டம் முடியும் நாள்

சமூகப்பணி இந்தியாவில் படிப்பாக மாறியது 1936இல் பம்பாயில் டாடா நிறுவிய பள்ளியோடு. சென்னையில் 1952இல் சமூகப்பணிப் பள்ளி வந்தது. அம்பேத்கர் நூற்றாண்டுக்குப் பிந்தைய எழுச்சியில் தலித் உரிமைகளுக்கான நிறுவனங்கள் தமிழ்நாட்டில் பெருகின. வன்கொடுமை ஆவணம், உண்மை அறியும் குழு, வழக்கு உதவி என்று அவை செய்த வேலைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். 2001இல் டர்பன் மாநாட்டில் சாதியை உலகத்தின் முன் வைத்ததில் அவற்றின் பங்கு பெரியது. இன்னொரு பக்கம், 1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1997இல் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் விரிந்தபோது பல நிறுவனங்கள் குழு அமைக்கும் முகவர்களாயின. பீடி சுற்றும் பெண்களுக்குக் கடன் கொடுத்தார்கள். பீடிக்கூலியை உயர்த்தும் பேச்சு அந்தக் குழுக் கூட்டங்களில் எத்தனை முறை வந்தது?

இந்த ஏற்பாட்டில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் களப்பணியாளர்கள். தெருவுக்குப் போவது அவர்கள். அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதுவது வேறொருவர். நிதியாளரோடு பேசுவது இன்னொருவர். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் மூன்றாண்டுத் திட்டம் முடிந்த மாதமே எங்கள் ஆறு பேரின் வேலையும் முடிந்தது. வழக்குகள் மட்டும் நீதிமன்றத்தில் தொடர்ந்தன. சாட்சி சொன்ன மக்கள் எங்கள் சொந்தக் கைபேசிக்குத்தான் அழைத்தார்கள்.

2020இல் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. பெரிய நிறுவனம் தான் பெற்ற நிதியைச் சிறு அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்கத் தடை வந்தது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. பகிர்வு நிதியை நம்பியிருந்த சிறு தலித் அமைப்புகளை இது நேராகத் தாக்கியது. அந்த இடத்துக்கு இப்போது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி வருகிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். பள்ளிக்கு மேசை வரும், கழிப்பறை வரும். பஞ்சமி நிலத்தை மீட்க அந்தப் பணம் வருமா?

மாணவர்களுக்குச் சில சொற்கள்

ஆகவே, போகலாமா என்று கேட்கும் மாணவருக்கு என் பதில்: போகலாம். கேட்டுவிட்டுப் போங்கள்.

நியமனக் கடிதம் உண்டா, வருங்கால வைப்புநிதி உண்டா என்று கேளுங்கள். சேவைக்கு வந்தவர் இதைக் கேட்கலாமா என்பார்கள். லாப நோக்கம் இல்லை என்பதாலேயே ஒரு நிறுவனம் அன்று நடைமுறையில் இருந்த தொழில் தகராறு சட்டத்திலிருந்து தப்பிவிடாது என்று 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய் கொடுத்து அதற்கு ஊக்கத்தொகை என்று பெயர் வைத்தது நம் அரசு. சேவை என்ற சொல்லால் முதலில் குறைக்கப்படுவது உழைப்பவரின் கூலி. தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லா வேலை செய்த நமக்கு இது புதிதல்ல.

நிர்வாகக் குழுவில் தலித்துகள் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர், காசோலையில் கையெழுத்திடும் உரிமை யாருக்கு என்று கேளுங்கள். அடுத்து, அந்த நிறுவனம் மக்களைத் திருத்தப் போகிறதா, மக்களைச் சூழ்ந்துள்ள ஏற்பாட்டை எதிர்க்கப் போகிறதா என்று பாருங்கள். திட்டம் முடிந்த மறுநாள் அந்த ஊரில் எது மிஞ்சும் என்று கேளுங்கள். பட்டா மிஞ்சுமா, சங்கம் மிஞ்சுமா, ஒரு பதாகை மட்டும் மிஞ்சுமா?

இயக்கத் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சம்பளம் வாங்குவதற்காக ஓர் இளைஞரைக் கேலி செய்யாதீர்கள். முழுநேர ஊழியருக்கு நம் இயக்கம் என்ன கொடுக்கிறது? பிடியரிசி எடுத்து வைத்துத் தென் மாவட்டத்துப் பெண்கள் திருச்சபைப் பணிகளைத் தாங்கியிருக்கிறார்கள். அரசு வேலையில் இருக்கும் நம்மவர்கள் மாதச் சம்பளத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால், ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு வழக்கறிஞருக்கும் ஒரு களப்பணியாளருக்கும் நாமே ஊதியம் கொடுக்கலாம். அப்படிப்பட்ட ஊழியரை டெல்லியில் வரும் ஒரு சட்டத்திருத்தம் வீட்டுக்கு அனுப்ப முடியாது. இந்த மன்றம் தென்காசி வட்டத்தில் அதைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் மாதப் பங்கை நான் இன்று மேடையிலேயே பொருளாளரிடம் கொடுக்கிறேன்.