காப்பிப் பொறியின் வரலாறு

வரலாறு என்றவுடன் அரசர்களின் வெற்றி தோல்விகளும், போர்களும் உடன்படிக்கைகளுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. நாள்தோறும் நம் கையில் புழங்கும் பண்டங்களுக்கும் வரலாறு உண்டு. அது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அன்று. ஒரு கருவியின் ஒவ்வோர் உறுப்பும், யாரோ ஒருவருக்கு நேர்ந்த இடர்ப்பாட்டைத் தீர்க்கத் தோன்றியதே ஆகும். அந்த இடர்ப்பாடு இன்னதென அறிந்தவன், விற்பவரின் சொல்லைச் சீர்தூக்கிப் பார்க்கவும் வல்லவனாகிறான். இதற்குச் சான்றாக ‘எஸ்பிரெஸோ’ என்னும் காப்பிப் பொறியை இன்று எடுத்துக்கொள்வோம்.

எங்கள் பெருமாநல்லூரைச் சூழ்ந்த திருப்பூர் வட்டாரம் பின்னலாடைத் தொழிலால் உலக நாடுகளோடு தொடர்பு கொண்டது. அத்தொடர்பினால் அயலாரின் உணவும் பானமும் நமக்கு அறிமுகமாயின. முன்பு பெரிய உணவு விடுதிகளில் மட்டும் இருந்த இப்பொறியை, வீட்டுக்கு வாங்கலாமா என்று இன்று எண்ணுவோர் உளர். அதன் விலையோ சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி இலட்சத்தையும் தாண்டுகிறது. உழைத்து ஈட்டிய பொருளைச் செலவிடுமுன் ஆராய்வது கடமை அன்றோ?

காப்பி நம் நாட்டுக்கு வந்த வழியை முதலில் காண்போம். 17-ஆம் நூற்றாண்டில் பாபா பூதன் என்னும் இசுலாமியப் பெரியார் ஏமன் நாட்டிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொணர்ந்து, சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழி வரும் செய்தி. 19-ஆம் நூற்றாண்டில் தோட்டங்கள் பெருகின. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி தமிழர் இல்லங்களில் இடம்பெறலாயிற்று. நீராகாரம் அருந்திய மக்கள் காப்பிக்கு அடிமையாகின்றனரே என்று அக்காலப் பெரியோர் வருந்தியதும் உண்டு. எனினும் பித்தளைப் பில்டரும் டம்ளர் டவராவும் அடுக்களையில் நிலைபெற்றுவிட்டன.

பில்டர் எவ்வளவு எளிய கருவி என்று பாருங்கள்! ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பாத்திரங்கள். மேற்பாத்திரத்தின் அடியில் நுண்ணிய துளைகள். தூளை அமுக்கி வைக்க ஒரு தட்டு. கொதிநீரை ஊற்றிவிட்டால், புவியீர்ப்பு ஒன்றே வேலையைச் செய்கிறது. நீர் மெல்ல மெல்ல இறங்கித் தூளின் சாரத்தைக் கொணர்கிறது. இதற்கு வேண்டிய விலை காத்திருத்தல் ஒன்றே. முன்னிரவிலோ விடியலிலோ நீர் ஊற்றி வைக்கும் இல்லத்தார்க்கு அது ஒரு பொருட்டன்று.

காத்திருக்க இயலாதவர் காப்பிக் கடைக்கு வருவோரே. இத்தாலி நாட்டுக் கடைக்காரர்க்கு நேர்ந்த இடர்ப்பாடும் இதுவே. தூரின் நகரத்து ஆஞ்செலோ மோரியோந்தோ 1884-இல் நீராவியின் துணையால் காப்பி இறக்கும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அது ஒரே சமயத்தில் பலருக்கான காப்பியை இறக்கியது. மிலான் நகரத்து லூயிஜி பெத்ஸேரா 1901-இல் காப்புரிமை பெற்ற பொறியோ, ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே அவ்வப்போது இறக்கித் தந்தது. தூளை இட்டுப் பொறியில் மாட்டும் கைப்பிடிக் கிண்ணம் அதில் அமைந்தது. ‘எஸ்பிரெஸோ’ என்ற சொல்லில் பிழிந்தெடுத்தது என்ற பொருளும், விரைவு என்ற பொருளும் ஒருங்கே தொனிக்கின்றன.

விரைவு கிட்டியது, சுவை குன்றியது. காரணம் என்ன? மூடிய கொதிகலனில் அழுத்தம் ஏறினால் நீரின் வெப்பமும் உடன் ஏறும். பௌதிகம் பயிலும் மாணவர் இதனை அறிவர். சாயப்பட்டறையில் பாய்லர் இயக்குவோரும் அறிவர். நீராவியைக் கொண்டு மிகுந்த அழுத்தம் பெற முயன்றால், கொதிநிலையைக் கடந்த நீர் தூளைக் கருக்கிக் கசப்பாக்கிவிடும். ஆதலால் பழைய பொறிகளின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தின் ஒன்றிரண்டு மடங்கைத் தாண்ட இயலவில்லை.

இச்சிக்கலை அவிழ்த்தவர் மிலான் நகரத்து அகில்லே காஜ்ஜியா. 1938-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அவர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெம்புகோலும் சுருள்வில்லும் பொருந்திய பொறியை வெளியிட்டார். வெப்பத்தைக் கொதிகலன் தந்தது. அழுத்தத்தைச் சுருள்வில் தந்தது. இரண்டும் பிரிந்ததே இவ்வரலாற்றின் திருப்புமுனை. நீர் கருகாமலே மிகுந்த அழுத்தம் கிட்டியது. காப்பியின் மேல் பொன்னிற நுரை படர்ந்தது. 1961-இல் ஃபேமா நிறுவனத்தின் ‘இ-61’ என்னும் பொறியில் மின்சாரப் பம்ப் அப்பணியை ஏற்றது.

நம் நாட்டிலோ ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. பெயர் முன்னே வந்தது. பொருள் பின்னே வந்தது. திருமண மண்டபங்களில் ‘எஸ்பிரெஸோ காப்பி’ என்று வழங்கியது பெரும்பாலும் உடனடிக் காப்பித் தூளும் பாலும் கலந்து, நீராவியால் நுரைக்கச் செய்து, மேலே சாக்லேட் தூள் தூவியதே ஆகும். அது சுவையான பானந்தான். ஆனால் அழுத்தத்தால் பிழிந்த சாறு அதில் இல்லை.

இவ்வரலாற்றை அறிந்தவன் கடையில் கேட்கத்தக்க வினாக்கள் சில உண்டு.

முதலாவது அழுத்தம். பம்ப் இல்லாது நீராவியால் மட்டும் இயங்கும் மலிவான பொறி, 1901-ஆம் ஆண்டின் நிலையிலேயே நிற்பது. பம்ப் உள்ளவற்றில் ‘15 பார்’, ‘20 பார்’ என்று பெருமையாக அச்சிட்டிருப்பர். அது பம்பின் உச்ச ஆற்றல். தூளின்மீது வேண்டுவது ஏறத்தாழ 9 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தின் 9 மடங்கே. எண் பெரிதானால் சுவை பெருகும் என்பதில்லை.

இரண்டாவது வெப்பம். காப்பி இறக்க 90 பாகை செல்சியசை ஒட்டிய நீர் போதும்; பாலை நுரைக்க நீராவி வேண்டும். ஒரே கொதிகலன் உள்ள பொறியில் ஒன்றை முடித்து மற்றொன்றுக்குக் காத்திருக்க வேண்டும். பாலின்றிக் காப்பி அருந்தாத நம் இல்லங்களில், பலர்க்காக இப்பணியை மீண்டும் மீண்டும் செய்ய நேரும்.

மூன்றாவது தூள். இத்தாலியர் வகுத்த முறைப்படி, ஏறத்தாழ 7 கிராம் தூளிலிருந்து 25 மில்லி லிட்டர் காப்பி 25 வினாடியில் இறங்க வேண்டும். தூள் பருமனாயின் நீர் விரைந்தோடிக் காப்பி நீர்த்துப்போகும். மிக நுண்ணியதாயின் அடைத்துக்கொண்டு கசக்கும். ஆகவே நன்கு அரைக்கும் கருவியின்றி விலையுயர்ந்த பொறி வாங்குவது வீண். நாம் விரும்பும் சிக்கரித் தூளும் இதற்கு ஏற்றதன்று. அது எளிதிற் கரைந்து பிசுபிசுத்து நுண்துளைகளை அடைக்கக்கூடும்.

நான்காவது நீர். நம் வட்டாரத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினநீர். அதனைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெண்படிவம் உண்டாவதைக் கண்டிருப்பீர்கள். அப்படிவம் பொறியின் குறுகிய குழாய்களிலும் சேரும். மென்மையாக்கிய நீரை ஊற்றுவதும், குறிப்பேட்டில் கூறியவாறு படிவத்தை அகற்றுவதும் இன்றியமையாதவை. பித்தளைப் பில்டரில் துளை அடைத்தால் அடுப்புத் தழலில் சற்றுக் காட்டித் தட்டிவிடலாம். பொறிக்கு அவ்வாறு செய்ய இயலாது.

ஒருவர் இருவராக வாழ்ந்து, அடர்ந்த சிறு குவளைக் காப்பியை விரும்பி, அரைத்துப் பழகும் பொறுமையும் உள்ளவர்க்கு இப்பொறி தக்க துணை. காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் பலர் ஒருசேரப் புறப்படும் இல்லத்திற்கோ, ஒருமுறை இறக்கி அனைவர்க்கும் பகிரும் பில்டரே போதும். அது பழையது என்பதால் தாழ்ந்ததன்று. இது புதியது என்பதால் உயர்ந்ததும் அன்று. ஒன்று வீட்டின் நிதானத்திற்கும் மற்றொன்று கடையின் விரைவிற்கும் பிறந்தவை.

மாணவர்களே, நாளை நீங்கள் இல்லத்திற்கும் தொழிலுக்கும் எத்தனையோ பொறிகளை வாங்குவீர்கள். ஒவ்வொன்றின் முன்னும் நின்று, “இது யாருடைய இடர்ப்பாட்டைத் தீர்க்கத் தோன்றியது? அந்த இடர்ப்பாடு எனக்கு உண்டா?” என்று கேளுங்கள். விடை கண்ட பின்னர்ப் பணப்பையைத் திறவுங்கள்.