விளிம்புக்காகக் காத்திருந்த ஆண்டுகள்

ஒரு நிறுவனத்தின் சின்னத்தை எந்த நிறப் பக்கத்தில் வைத்தாலும் இன்று அது பாந்தமாக உட்கார்ந்துகொள்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் அப்படி இல்லை. வெட்டி ஒட்டிய காகிதப் படம் போல ஓரமெல்லாம் வெள்ளைப் பிசிறு தெரியும். தொழில்நுட்பம் அப்போது முதிரவில்லை என்று இதற்குச் சமாதானம் சொல்வதுண்டு. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது நிற்காது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றோடு, பின்னால் இருப்பதை ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு மறைக்கிறது என்று சொல்லும் நான்காவது எண்ணையும் சேர்த்தே வைக்கலாம் என்ற யோசனை, நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்முல், ஆல்வி ரே ஸ்மித் இருவருக்கும் 1970களின் பிற்பகுதியிலேயே வந்துவிட்டது. ஆல்ஃபா என்று அவர்கள் பெயரிட்டதும் அதற்குத்தான். அதற்கான கணக்கை தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984இல் கட்டுரையாகவே எழுதி வைத்தார்கள். திரைப்படக்காரர்கள் கையில் எப்போதோ இருந்த ஒன்று, பெரும்பாலான இணைய வாசகர்களின் கண்ணுக்கு எட்ட 2006 தாண்ட வேண்டியிருந்தது. அந்தத் தாமதத்துக்குக் காரணம் அறிவுப் பஞ்சமல்ல, போட்டியில்லாத சந்தை என்பதே என் வாதம்.

கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987இல் கொண்டுவந்த ஜிஃப் படக் கோப்பில் அதிகபட்சம் 256 நிறங்கள். 1989இல் வந்த திருத்தம், அவற்றில் ஒரு நிறத்தை ‘இது தெரிய வேண்டாம்’ என்று குறிக்க இடம் கொடுத்தது. ஒரு பிக்சல் முழுதாகத் தெரியும், இல்லையேல் அடியோடு மறையும். அரைகுறை என்பதே கிடையாது. வளைந்த எழுத்தின் ஓரம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிய அங்கே இடைநிறங்கள் வேண்டும். வெள்ளையோடு கலந்து செய்த இடைநிறம் நீலப் பக்கத்தில் பிசிறாகத்தான் நிற்கும். ஆகவே, பக்கத்தின் நிறத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு அந்த நிறத்தோடு ஓரத்தைக் கலந்தார்கள். பக்கத்தின் நிறம் மாறினால் படங்களையெல்லாம் மறுபடி செய்ய வேண்டும். அன்றைய மோடம் வேகத்துக்கும் 256 நிறத் திரைக்கும் இதுவே போதாதா என்று கேட்கலாம். 1989ஐப் பொறுத்தவரை போதும். 1996க்கு அந்தப் பதில் பொருந்தாது.

ஏனென்றால் அந்த ஆண்டு அக்டோபரிலேயே பிஎன்ஜி என்ற புதிய படக் கோப்பு, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாகிவிட்டது. அது பிறந்தது அழகுக்காக அல்ல, காசுத் தகராறில். ஜிஃப் பயன்படுத்தும் சுருக்க முறையின் காப்புரிமை யூனிசிஸ் நிறுவனத்திடம் இருந்தது. அதற்குக் கட்டணம் உண்டு என்ற அறிவிப்பு 1994 டிசம்பர் இறுதியில் வந்தது. அடுத்த மாதமே தாமஸ் பௌட்டெல் மாற்றுக் கோப்புக்கான வரைவை முன்வைத்தார். வெறும் மாற்று மட்டும் போதுமென்றால் பழைய ஒற்றை நிற ஏற்பாட்டோடு நிறுத்தியிருக்கலாம். பிஎன்ஜியைச் செய்தவர்கள் ஆல்ஃபாவையும் முழுமையாகச் சேர்த்தார்கள்: எட்டு பிட்டில் 256 படிகள்.

கோப்பு தயார், காட்ட வேண்டியது பிரவுசர். மேக் கணினிக்கு 2000இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 அதைச் சரியாகவே காட்டியது. அதே மைக்ரோசாஃப்ட் 2001இல் விண்டோஸுக்குத் தந்த 6ஆம் பதிப்பிலோ அந்தப் படங்களுக்குப் பின்னால் சாம்பல் கட்டம் விழுந்தது. விண்டோஸில் இயலாத காரியமா? இல்லை. ஆல்ஃபாஇமேஜ்லோடர் என்ற தனி வடிகட்டியை அழைத்தால் அதே பிரவுசர் அதே படத்தை ஒழுங்காகக் காட்டியது. படத்துக்குப் படம் அந்த வரியை எழுதித் தொலைக்க வேண்டும், அவ்வளவுதான். பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதே அப்போது நிறுவனத்தின் தலையாய கவலை என்பது நியாயமான மறுப்பு; 2002 ஜனவரியில் பில் கேட்ஸ் ஊழியர்களுக்கு எழுதிய கடிதமே அதற்குச் சான்று. ஆனால் அடுத்த பதிப்பே வராத ஐந்தாண்டு மௌனத்தை அந்தக் கவலை மட்டும் விளக்காது. போட்டிப் பிரவுசராக ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்தது 2004 நவம்பரில். 7ஆம் பதிப்பு வரும் என்று கேட்ஸ் மேடையில் அறிவித்தது 2005 பிப்ரவரியில். 2006 அக்டோபரில் அது வெளியானபோது பிஎன்ஜியின் ஓரங்கள் சரியாகத் தெரிந்தன. அதன் பிறகும் அலுவலகக் கணினிகளில் பழைய 6 கிடந்ததால், வடிவமைப்பாளர்கள் ஜிஃப் ஒன்று, பிஎன்ஜி ஒன்று என இரட்டை வேலை பார்த்தார்கள். 2011 மார்ச்சில் அந்த 6ஆம் பதிப்பின் பயன்பாட்டை உலக அளவில் ஒரு சதவீதத்துக்குக் கீழே இறக்கத் தனி இணையதளமே தொடங்கிப் பிரசாரம் செய்தது, அதை உருவாக்கிய மைக்ரோசாஃப்ட்.