ஒளி பிடித்தவர்கள் – 14: கொம்பன் ஆந்தைக்கு முன்னால் இரண்டு கேமராக்கள்

சென்ற வாரம் 1993-ல் நிறுத்தினோம். அமெரிக்காவின் பாசடேனா நகரில், நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த எரிக் ஃபோசம், ஓர் ஆய்வுக்கட்டுரையின் தலைப்பிலேயே கேள்வியை வீசினார்: சிசிடிக்கள் டைனோசர்களா?

அன்று தொலைநோக்கிகளிலிருந்து கல்யாண வீடியோ கேமரா வரை எல்லாவற்றிலும் ஒளியைப் பிடிக்கும் சிசிடி சென்சார்தான் ராஜா. 1969-ல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டுபிடித்தது அது. அழியப்போகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஃபோசம் அதற்கு மாற்றாகக் காட்டிய சிமாஸ் சென்சாரோ, அன்றைக்குத் தரம் குறைந்தது என்று பெயர் வாங்கியிருந்தது.

தீர்ப்பு வர ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஆயின. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று பார்க்க நாம் பாசடேனா போகவேண்டாம். சென்னையின் வேளச்சேரி–தாம்பரம் சாலையே போதும்.

*

சாட்சிக் கூண்டில் ஏறப்போகும் இரண்டு கேமராக்களை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

மூத்தது நிகான் டி70. 2004 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. சிசிடி சென்சார், 60 லட்சம் பிக்சல். அமெரிக்காவில் ஆயிரம் டாலருக்குள் விலை வைத்து, பிலிமை விட்டுவரத் தயங்கிய ஆயிரக்கணக்கானோரை டிஜிட்டலுக்கு இழுத்துவந்த கேமராக்களில் ஒன்று. இளையது அதே வரிசையில் 2008 ஆகஸ்டில் வந்த நிகான் டி90. சிமாஸ் சென்சார், 1 கோடியே 23 லட்சம் பிக்சல். இரண்டின் சென்சாரும் ஏறக்குறைய ஒரே பரப்பு: அகலம் 24 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, உயரம் 16 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரே லென்ஸை இரண்டிலும் மாட்டலாம். ஒப்பிட இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைப்பது அரிது.

‘60 லட்சம் எங்கே, 1 கோடியே 23 லட்சம் எங்கே? இரண்டு மடங்கு கிளாரிட்டி!’ என்றுதான் கடையில் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். டி70 எடுத்த படம் குறுக்கே 3,008 பிக்சல். டி90 எடுத்தது 4,288. எண்ணிக்கை இரு மடங்கானாலும் அகலம் 1.4 மடங்குதான் கூடுகிறது. இன்ச்சுக்கு 300 பிக்சல் வீதம் அச்சடித்தால் முதலாவது 10 இன்ச், இரண்டாவது 14 இன்ச். நம்மூர் ஸ்டுடியோக்களின் செல்லப்பிள்ளையான 12-க்கு 36 கரிஸ்மா ஆல்பத்தில் ஒரே படத்தை இரண்டு பக்கமும் விரித்துப் போட்டால் டி70-க்கு இன்ச்சுக்கு 84 பிக்சல், டி90-க்கு 119. வித்தியாசம் உண்டு. ஆனால் ஒரு தலைமுறையை வீட்டுக்கு அனுப்புகிற அளவுக்கு இல்லை.

அப்படியானால் சிசிடியை வீழ்த்தியது எது?

*

முதல் பரீட்சை, நண்பகலில். இடம் பள்ளிக்கரணை.

துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை சதுப்புநிலத்தைக் கிழித்துக்கொண்டு போகும் இடத்தில், தை மாத வெயிலில் பூநாரைகள் நிற்கின்றன. வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு கேமராவிலும் ஒளியுணர்வு ஒன்றே, ஐஎஸ்ஓ 200. ஒரே லென்ஸ், ஒரே ட்ரைபாட், ஒரே எஃப் எண், ஒரே ஷட்டர் வேகம். கேமரா மெருகேற்றாத ரா ஃபைலாக எடுத்து, பெரிய படத்தைச் சின்னதின் அளவுக்குக் குறைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். நியாயமான ஒப்பீட்டின் விதி இதுதான். பிக்சலுக்குப் பிக்சல் உருப்பெருக்கிப் பார்த்துத் தீர்ப்பு சொல்வது, வேறு வேறு தூரத்தில் நிற்கும் இருவரின் உயரத்தை அளப்பதாகிவிடும்.

இந்தப் பரீட்சையில் எது மூத்தது, எது இளையது என்று சொல்லக் கைதேர்ந்த கண்ணும் திணறும். இறகின் இளஞ்சிவப்பு இரண்டிலும் அழகாக விழும். போதாக்குறைக்கு, மூத்த கேமரா ஒரு விஷயத்தில் இளையதை ஜெயிக்கவும் செய்கிறது. சென்சாரே ஷட்டர் வேலையில் பங்கெடுப்பதால் டி70-ல் 1/500 விநாடி வரை பிளாஷ் ஒத்துப்போகும்; டி90-ல் 1/200 வரைதான். உச்சி வெயிலில் மணமக்களின் முகத்து நிழலைப் பிளாஷ் போட்டு நீக்குகிறவர்களுக்கு இது பெரிய வரம்.

பகல் முடிந்தது; பழைய ராஜா இன்னும் சிம்மாசனத்தில் இருக்கிறது. ஆனால் பொழுது சாய்கிறது.

*

இரண்டாம் பரீட்சை, அந்தியில். இடம் நன்மங்கலம் காப்புக்காடு.

மேடவாக்கத்தை ஒட்டி, நாலாபுறமும் வீடுகள் சூழ நிற்கும் இந்தப் புதர்க்காட்டின் நடுவே கைவிடப்பட்ட கல்குவாரி இருக்கிறது. அதன் பாறை விளிம்புகளில் கொம்பன் ஆந்தை வாழ்கிறது. பகலெல்லாம் பாறையோடு பாறையாக ஒட்டியிருந்து, வெளிச்சம் மங்கிய பிறகே வேட்டைக்கு எழும் பறவை. படமெடுக்க வருபவரிடம் அது வைக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: என்னைப் பார்க்க வேண்டுமானால் இருட்டில் பார்.

300 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப்/4. டி70-ன் உச்சவரம்பான ஐஎஸ்ஓ 1600-ல் ஷட்டர் 1/30 விநாடி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆந்தை தலையைத் திருப்பினாலே படம் கலங்கிவிடும். கலங்காமல் கிடைத்த படத்தையும் திரையில் முழு அளவில் திறந்து பாருங்கள். மார்பின் கரும்பழுப்புக் கீற்றுகள் ஒன்றோடொன்று கரைந்திருக்கும். பாறை நிழலில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் மினுக்கும். ஆரஞ்சு நிறக் கண்ணைச் சுற்றிய கறுப்பு விளிம்பு கறுப்பாகவே இருக்காது. மணல் தூவியதுபோல் இருக்கும். போட்டோகிராபர்கள் ‘நாய்ஸ்’ என்று அலுத்துக்கொள்வது இதைத்தான்.

டி90-ல் ஐஎஸ்ஓ 3200 வைக்கலாம். ஷட்டர் 1/60-க்கு ஏறிவிடும். ஐஎஸ்ஓ இரட்டித்தும் படத்தின் நாய்ஸ் டி70-ன் 1600-ஐ ஒட்டியே இருக்கும். பிரான்சின் டிஎக்ஸ்ஓ ஆய்வகம் அளந்து சொன்னதும் ஏறக்குறைய இதையே. குறைந்த வெளிச்சத்தில் தரம் கெடாமல் எட்டக்கூடிய ஐஎஸ்ஓ டி70-க்கு 500-ஐச் சற்றே தாண்டியது. டி90-க்கு ஆயிரத்தை நெருங்கியது. ஒரே படத்தில் வெளிச்சத்தையும் நிழலையும் சேர்த்துப் பிடிக்கும் வீச்சு முதலாவதில் 10 ஸ்டாப் அளவில் நின்றது. இரண்டாவதில் 12-ஐத் தாண்டியது. ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு. இரண்டு ஸ்டாப் என்றால் நான்கு மடங்கு!

இங்கேதான் மர்மம். அதே பரப்பில் இரு மடங்கு பிக்சலைத் திணித்தால் ஒவ்வொரு பிக்சலும் சிறுத்துவிடும். டி70-ன் பிக்சல் 7.8 மைக்ரான், டி90-ல் அது 5.5 ஆயிற்று, அதாவது பரப்பில் பாதி. பாதி பரப்பில் விழுவது பாதி ஒளி. நாய்ஸ் கூடியிருக்க வேண்டும். குறைந்தது எப்படி?

*

ஒளி மழைத்துளி மாதிரி ஒழுங்கில்லாமல் விழும் பொருள். ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஒளித்துகள் விழுந்தால், அது 90 ஆகவும் இருக்கலாம், 110 ஆகவும் இருக்கலாம்: 10 சதவீதத் தடுமாற்றம். 10,000 விழுந்தால் தடுமாற்றம் 1 சதவீதம்தான். பகலில் இரண்டு கேமராவும் சமமாக நின்றதற்கும், அந்தியில் பிரிந்ததற்கும் காரணம் இதில் பாதி. இது இயற்கையின் நாய்ஸ். எந்தப் பொறியாளரும் இதை ஒழிக்க முடியாது. விழுகிற ஒளியை வீணாக்காமல் சேர்க்கலாம், அவ்வளவே.

மீதிப் பாதி, எண்ணும்போது கேமராவே சேர்க்கும் நாய்ஸ். சிசிடி தோற்றது இங்கேதான். சிசிடியில் ஒவ்வொரு பிக்சலும் சேர்த்த மின்னூட்டம் வரிசை வரிசையாக ஓரத்துக்கு நகர்ந்து, அங்கிருந்து ஓரிரு வாசல் வழியாகவே வெளியேறியாக வேண்டும். 60 லட்சம் பிக்சலும் ஒரே கியூவில்! கண்ணிமைக்கும் நேரத்தில் அத்தனையையும் எண்ணி முடிக்க வாசலில் உள்ள பெருக்கி அசுர வேகத்தில் ஓட வேண்டும். வேகம் கூடக்கூட, எண்ணிக்கையில் பிசகும் கூடும்.

சிமாஸில் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளேயும் சொந்தமாக ஒரு பெருக்கி. சோனி நிறுவனம் எக்ஸ்மோர் என்று பெயரிட்ட வகையில் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு செங்குத்து வரிசைக்கும் தனித்தனி டிஜிட்டல் மாற்றியைச் சில்லிலேயே பதித்தார்கள். ஆயிரக்கணக்கான மாற்றிகள் ஒரே நேரத்தில், ஒவ்வொன்றும் நிதானமாக எண்ணும். பிசகு குறைந்தது. நிழலுக்குள் புதைந்திருந்த இறகுக் கீற்றுகள் மேலே வந்தன. பாதியாகச் சிறுத்த பிக்சல் பெரிய பிக்சலை ஜெயித்த ரகசியம் இதுவே. படத்தின் தரத்தை முடிவு செய்தது, எத்தனை பிக்சல் இருக்கிறது என்பதைவிட, ஒவ்வொரு பிக்சலையும் எவ்வளவு சுத்தமாக எண்ணினார்கள் என்பதுதான்.

*

வழியை முதலில் திறந்தது கேனன். 2000-லேயே டி30 என்ற கேமராவில் சிமாஸை வைத்தது. 2003-ல் ஆயிரம் டாலருக்குக் கீழே 300டி-யைக் கொண்டுவந்தது. இறுதி மோதல் 2007 ஆகஸ்டில். 20-ஆம் தேதி கேனன் தன் புதிய கேமராக்களை அறிவித்தது. மூன்றே நாளில், 23-ஆம் தேதி, நிகான் டி3-ஐயும் டி300-ஐயும் இறக்கியது. இரண்டிலும் சிமாஸ். பிலிம் அளவுக்கு முழுச் சென்சார் கொண்ட டி3-ல் ஐஎஸ்ஓ 6400 இயல்பான அமைப்பு; தேவைப்பட்டால் 25,600 வரை போகலாம். நன்மங்கலத்து ஆந்தைக்கு முன்னால் நமக்கு 1/30 கிடைத்த அதே வெளிச்சத்தில் இதன் ஐஎஸ்ஓ 6400-ல் 1/125! சிசிடியின் ஆட்சி அத்தோடு ஆட்டம் கண்டது. 2017-ல் இங்கிலாந்தின் ராணி எலிசபெத் பொறியியல் பரிசு அளிக்கப்பட்டபோது, ஃபோசமும் சிசிடியைக் கண்டுபிடித்த ஜார்ஜ் ஸ்மித்தும் அதைச் சேர்ந்தே பெற்றார்கள். வென்றவருக்கும் வெல்லப்பட்டவருக்கும் ஒரே மேடை, நியாயமான மரியாதை.

டி3 வந்த அதே 2007-ல்தான் பள்ளிக்கரணைச் சதுப்பில் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் அந்தச் சதுப்பு ராம்சார் தலமும் ஆயிற்று. 2007-க்கு முன்பிருந்த சதுப்பை டி70 காலத்துக் கேமராக்கள்தான் பார்த்தன. அந்த நாய்ஸ் நிறைந்த ரா ஃபைல்கள் உங்கள் பழைய ஹார்ட் டிஸ்கிலோ சிடியிலோ இருந்தால், தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். இன்றைய மென்பொருளில் மறுபடி கழுவினால் அவற்றின் நிழல்கள் கணிசமாகத் தெளியும். கேமராவைப் புதிதாக வாங்கலாம். 2005-ன் நீர்ப்பரப்பை வாங்க முடியாது.

ஆக, சிமாஸ் வென்றுவிட்டது. கதை முடிந்ததா?

2008 ஆகஸ்ட் 27 அன்று டி90-ஐ அறிவித்தபோது நிகான் அதில் யாரும் எதிர்பாராத ஒன்றைச் சேர்த்திருந்தது: வீடியோ. விநாடிக்கு 24 பிரேம்! சினிமாவின் எண் அது. எந்த டிஎஸ்எல்ஆரும் அதுவரை செய்யாத வேலை. சரியாக 21 நாள் கழித்து கேனன் தன் 5டி மார்க் 2-ல் முழு ஹெச்டி வீடியோவோடு பதிலடி கொடுத்தது.

தாம்பரம்–கடற்கரை மின்ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து டி90-ல் வீடியோவை ஓடவிட்டால், வெளியே நேராக நிற்கும் மின்கம்பங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி ஓடும். சிமாஸ் தன் வெற்றியோடு கூடவே கொண்டுவந்த ஊனம் அது. அசையாத ஆந்தையின் முன் ஒளிந்திருந்தது, ஓடும் ரயிலில் அம்பலமானது. கம்பங்கள் ஏன் சாய்ந்தன? அந்த ஊனம் தெரிந்திருந்தும், கோடம்பாக்கத்தின் ஓர் இயக்குநர் பெரிய சினிமா கேமராவை ஓரம்கட்டிவிட்டு ஒரு ஸ்டில் கேமராவை நம்பி முழுப் படத்தையும் எடுக்கத் துணிந்தாரே, யார் அவர்? எந்தப் படம் அது?

(அடுத்த வாரம் தொடரும்)