மண்டபம் கேம்ப்: கூலி, மீன், கிருமி

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் தடையுத்தரவு வந்தது. மறுநாளே நத்தத்தைச் சுற்றிய சில கிராமங்களில் கருவேல முள்ளை வெட்டி ஊர்வாசலை அடைத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எழுபதுகளில் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின்கீழ் 'தாயகம் திரும்பியவர்' என்று முத்திரை குத்தி அனுப்பப்பட்டவர். முள்ளைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்: "என்னா தம்பி, இங்கயும் கேம்ப்பு போட்டாச்சா?"

அவருக்குக் கேம்ப்பு என்றால் மண்டபம் கேம்ப்தான். அவருடைய தாத்தா போகும்போது அங்கே அம்மை குத்தினார்கள். இவர் திரும்பி வரும்போது அதே மண்டபத்தில் இறக்கிப் பேர் எழுதினார்கள். எனக்கோ, எம்.ஏ. படித்த நாட்களிலிருந்து, மண்டபம் கேம்ப் என்பது ஒரு தபால் முகவரி. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், மண்டபம் கேம்ப். ஒரு விஞ்ஞான நிறுவனத்தின் முகவரியில் 'கேம்ப்' ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நான் அதுவரை கேட்டதில்லை. கேட்கவைத்தது கொரோனாதான்.

1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. (இதே சட்டத்தைத்தான் 2020இலும் தூசிதட்டி எடுத்தார்கள்.) இலங்கைத் துரைமார்களுக்கு அப்போது ஒரு சிக்கல். தோட்டத்துக்குத் தமிழ்க்கூலி வேண்டும், கூலியோடு வரும் நோய் வேண்டாம். முதலில் தூத்துக்குடி அருகே தட்டப்பாறையில் ஒரு முகாம் இருந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் ஓடத்தொடங்கியபின் மண்டபம் பிரதானமாயிற்று. இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் இது. மதுரை, திருச்சி, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணி கூட்டிவந்த சனங்களைச் சில நாட்கள் இங்கே நிறுத்திவைத்தார்கள். உடம்பைச் சோதித்தார்கள், அம்மை குத்தினார்கள், கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். தோட்டத்து எண் பொறித்த தகர வில்லைதான் ஆளுக்கு அடையாளம்.

இந்த இடத்தில் ஃபூக்கோவைத் துணைக்கழைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. 1975இல் வந்த புத்தகத்தில் அவர் கொள்ளைநோய் வந்த நகரம் ஒன்றை விவரிக்கிறார். வீடுகளைப் பூட்டி, தினமும் ஜன்னலில் முகம் காட்டச்சொல்லி ஆளெண்ணும் நகரம் அது. ஆனால் அதை மண்டபத்தின்மேல் அப்படியே ஒட்டமுடியாது. அந்த நகரத்தில் யாரும் அசையக்கூடாது. மண்டபத்தில் கூலி அசைந்தே ஆகவேண்டும், இல்லையென்றால் கொழுந்து முற்றிப்போகும். மண்டபம் பூட்டு அல்ல, சல்லடை. உழைப்பைக் கீழே இறக்கிவிட்டு நோயை மேலே நிறுத்திக்கொள்ளும் சல்லடை. காலனிய மருத்துவத்தை 'அடைத்துவைத்தல்' என்ற ஒற்றைச் சொல்லால் நாம் விளக்கிக்கொண்டிருக்கும்வரை இந்த வேறுபாடு பிடிபடாது. 1918இல் இந்தச் சல்லடையின் கண் எவ்வளவு பெரியது என்று தெரிந்துபோயிற்று. பிளேக்கையும் காலராவையும் அம்மையையும் நினைத்துக் கட்டிய ஏற்பாட்டால் இன்ஃபுளுயன்சாவை ஒன்றும் செய்யமுடியவில்லை. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள். இலங்கையும் தப்பவில்லை.

அதே கரையில் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. பாம்பனுக்கு எதிரே குருசடைத் தீவில் சென்னை மாகாண மீன்துறை கடலுயிர் ஆய்வுக்கு இடம் பிடித்திருந்தது. 1927இல் சென்னை அருங்காட்சியகம் அந்தத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி ஒரு தொகுப்பை வெளியிட்டது. விலங்கியல் படித்தவர்களுக்கு அங்கே மணலில் புதைந்து வாழும் பலனோகிளாசஸ் தெரிந்திருக்கும். முதுகெலும்புள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடைப்பட்டதாகப் பாடத்தில் வரும் புழு. ஆக, கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் பார்வைத் தூரத்தில், ஒரு பக்கம் கடற்புழுவுக்கு லத்தீனில் பெயர், மறுபக்கம் மனிதக்குடலில் புழு, அதைச் சுமந்தவனுக்குப் பெயர்கூட அல்ல, எண். இரண்டையும் 'விஞ்ஞானம்' என்றுதான் சொன்னார்கள். இதை வெறும் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. விஞ்ஞானமே சூழ்ச்சி என்று முழங்குகிற நண்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கொக்கிப்புழு மருந்து அந்த சனங்களுக்கு நல்லதுதான் செய்தது. யாருக்காகச் செய்தார்கள் என்பது வேறு கேள்வி.

1939 ஆகஸ்ட்டில் இந்திய அரசு கூலிகளை இலங்கைக்கு அனுப்புவதைத் தடைசெய்தது. 1947 பிப்ரவரி 3இல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கி, 1949இல் மண்டபத்துக்கு வந்துசேர்ந்தது. தலைமையகம் 1971இல் கொச்சிக்குப் போனபின் மண்டபம் பிராந்திய மையமாயிற்று. அதற்குள் 1964 ஒப்பந்தம் முடிந்து, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதென்று இரண்டு அரசுகள் தீர்மானித்துவிட்டன. அந்த ஐந்தே கால் லட்சத்தில் ஒருத்தரைக்கூடக் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களில் பலர் ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் வழியாகப் பிரிந்துபோனார்கள். கொடைக்கானல் மலையில் கொத்தடிமையாகச் சிக்கியவர்களும் இவர்களில் உண்டு. 1983க்குப் பிறகு அகதிகள் வந்தார்கள்.

இனி 2020. கடலோர ஆய்வு மையம் ஒன்று தொற்றுக்காலத்தில் தன் வேலையை எப்படி மாற்றிக்கொள்ளும்? கட்டுரை எழுதுவதும் கூட்டம் போடுவதும் வீட்டுக்குப் போய்விடும், கணினித் திரை போதும். மீன்கணக்கு அப்படியல்ல. படகு எப்போது வருகிறது, கூடையில் என்ன வகை, எத்தனை கிலோ என்று துறையில் ஆள் நின்று பார்த்து, அந்த மாதிரியிலிருந்து மொத்தத்தை மதிப்பிடுகிற வேலை அது. குஞ்சு பொரிப்பகம் இன்னும் கறாரானது. 2010இல் மண்டபத்தில்தான் இந்தியாவில் முதன்முதலாகக் கடல்விராலைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யவைத்தார்கள். தாய்மீனுக்குத் தினம் தீனி வேண்டும். குஞ்சுக்கு உயிருள்ள நுண்ணுயிர்தான் இரை, அதற்கு இரை பாசி. இந்தச் சங்கிலியில் ஒரு நாள் அறுந்தாலும் தொட்டி காலி. ஊரடங்கு உத்தரவு மீனுக்குத் தெரியாது. ஆகவே எந்த ஆய்வு மையத்திலும் 'தகவமைதல்' என்ற அழகான சொல்லுக்குள் இரண்டு வகை ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள்: வீட்டிலிருந்து வேலை பார்த்தவர், தண்ணீரில் கைவைத்தே ஆகவேண்டியவர். மண்டபத்துச் சல்லடை வேறு உருவில் திரும்ப வந்தது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் நடந்தது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுக்குத் தடை. மீன் முட்டையிடும் காலம் என்பது காரணம். 2001இல் 45 நாளாகத் தொடங்கி 2017இல் 61 ஆனது. ஊரடங்கில் மீனவர்கள் இழந்த நாட்களுக்கு ஈடாக 2020இல் மட்டும் இது 47 நாளாகக் குறைந்தது. நான் இதைக் குறைசொல்லவில்லை, அடுப்பெரிய வேண்டுமே. ஆனால் இயற்கையின் விதி என்று சொல்லப்பட்ட எண்ணுக்குள் எப்போதுமே ஒரு பேரம் இருந்திருக்கிறது என்பதைத் தொற்று வெளிச்சமாக்கிவிட்டது. பிறகு நிலையம் கணக்கு வெளியிட்டது. இந்தியக் கடல்மீன் பிடிப்பு 2019இல் சுமார் 35.6 லட்சம் டன், 2020இல் 27.3 லட்சம் டன். எட்டு லட்சம் டன் பிடிபடவில்லை என்பது நமக்குத் தெரியும். அந்த மாதங்களில் கரையில் எத்தனை வீட்டில் நகை அடகுக்குப் போனது என்பது அந்த அட்டவணையில் வராது. வரவேண்டும் என்று அதைத் தயாரித்தவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை.

பெரியவரிடம் ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றிக் கேட்டேன். "மீன் ஆபீசா? தெரியும் தம்பி. அங்க மீனுக்கெல்லாம் பேரு எழுதி மாட்டியிருப்பாங்க" என்றார். 2021இல் தமிழக அரசு அகதி முகாம்களை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. 2022 செப்டம்பரில் திண்டுக்கல் பக்கம் தோட்டனூத்தில் 321 வீடுகள் திறந்தார்கள். நத்தம் சாலையில் கோபால்பட்டி முகாமில் இருந்தவர்களுக்கும் அங்கே வீடு கிடைத்தது. செய்தியைப் படித்துக் காட்டினேன். வீட்டுக்குப் பட்டா உண்டா என்று மட்டும் கேட்டார்.